மறுபடியும் திரைக்குப் பின்னால்

பல வருடம் கழித்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்த நினைப்பவர் முதல் வேலையாகப் பரண்மேல் ஏறுவார். பழைய பெட்டி இறங்கும். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்த நிலவறைகள், மூன்று ராஜ்யங்களின் வம்சாவளி, பாதியில் நின்றுபோன ஒரு யுத்தம், எல்லாம் வெளியே வரும். விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தால் என்ன என்று தோன்றும். தொடராதீர்கள். ஆசைதீரப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடிவிடுங்கள்.

அந்தக் கதைமேல் உங்களுக்கு இருக்கிற பாசம் புதிதாக வந்து உட்காரும் நாலு பேருக்கு இருக்காது. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. பழைய கூட்டாளிகளே திரும்பி வந்தாலும் ராஜ்யங்களின் பெயர் அவர்களுக்கு மறந்திருக்கும். ஒருவன் கயிற்றுப் பாலத்தில் வழுக்கி விழுந்ததும், இன்னொருவன் டிராகனிடமே பேரம் பேசித் தப்பித்ததும்தான் நினைவிருக்கும். இரண்டுமே மேசையில் அந்த நேரத்தில் பிறந்தவை. நீங்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதிய எதுவும் அந்தப் பட்டியலில் இருக்காது.

இந்த அத்தியாயம், முன்பு ஆட்டம் நடத்தி, பிறகு வேலை, கல்யாணம், குழந்தை, ஊர் மாற்றம் என்று ஏதோ ஒன்றில் விட்டுப்போய், இப்போது திரும்பி வருகிறவர்களுக்கு. புதிதாகக் கற்பவருக்கு எதுவுமே தெரியாது. அதனால் கேட்டுக் கேட்டு நடத்துவார். உங்களுக்குத் தெரியும் என்ற நினைப்பு இருக்கிறது. சிக்கல் முழுக்க அங்கேதான். ஆகவே உங்களுக்கு இந்த நூல் சொல்லும் வழி ஒன்றுதான்: மூன்று அமர்வில் முடிகிற ஒரு சின்ன சாகசம், அச்சில் வந்தது, வேறொருவர் எழுதியது. அதை முடியுங்கள். பெரிய கேம்பெயின் பற்றிய பேச்சையே அதுவரை எடுக்காதீர்கள்.

எந்தப் பதிப்பு?

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. 1989-இல் ‘அட்வான்ஸ்ட்’ வரிசையின் இரண்டாம் பதிப்பு. 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் அதுவரை இதை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனத்தை வாங்கியது. 2000-இல் மூன்றாம் பதிப்பு, 2003-இல் அதன் திருத்தமான 3.5, 2008-இல் நான்காவது, 2014-இல் ஐந்தாவது. 2024-இல் ஐந்தாவதன் விதிகளைத் திருத்தி மறுபடி அச்சிட்டார்கள். நீங்கள் எந்த வருடம் நிறுத்தினீர்களோ, அந்த வருடத்துப் பதிப்புதான் உங்கள் மனசுக்குச் சரியான பதிப்பு. மற்றவர்களுக்கும் அப்படித்தான். இதைப் பற்றி யாரோடும் வாதாடாதீர்கள்.

என் தீர்ப்பு: கூப்பிடப்போகிறவர்களில் பாதிப்பேர் புதியவர்கள் என்றால் ஐந்தாம் பதிப்பு. 2015-இல் தொடங்கிய ‘கிரிட்டிகல் ரோல்’ நிகழ்ச்சியையோ, 2016-இல் வந்த ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரையோ பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்கள் கடையில் கையில் எடுப்பது அந்தப் புத்தகத்தைத்தான். 2014 புத்தகமா 2024 புத்தகமா என்பதை மட்டும் முதலிலேயே பேசி ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டால் ஒரே மந்திரத்துக்கு இரண்டு விளக்கம் மேசைக்கு வரும்.

பழைய சுவைதான் வேண்டும், விதிப் புத்தகம் மெலிசாக இருக்கவேண்டும் என்பவர்களுக்கு ‘ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’ இருக்கிறது. 1981-ஆம் வருடத்து எளிய விதிகளை அப்படியே எடுத்துத் தெளிவாக அடுக்கிய புத்தகம். 2023-இல் வந்த ‘ஷேடோடார்க்’ இன்னும் குறும்பானது: அதில் ஒரு தீப்பந்தம் நிஜமான ஒரு மணி நேரம்தான் எரியும், கடிகாரத்தைப் பார்த்துத்தான் அணைப்பீர்கள். 3.5-இல் ஊறியவர்களுக்கு 2019-இன் ‘பாத்ஃபைண்டர்’ இரண்டாம் பதிப்பு இனிக்கும். ஆனால் திரும்பி வருகிற முதல் வருடத்தில் அவ்வளவு விதியைச் சுமக்கச் சொல்லமாட்டேன்.

காசு செலவழிக்காமலேயே தொடங்கலாம். 2023 ஜனவரியில் உரிமம் தொடர்பாக ஆட்டக்காரர்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதையடுத்து அந்த மாதம் 27-ஆம் தேதி விசார்ட்ஸ் நிறுவனம் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. பதிவிறக்கிப் படிக்கலாம், அச்சடிக்கலாம், தமிழில் எழுதிக்கொள்ளலாம். ஏழு பகடை கொண்ட ஒரு செட், பென்சில், தாள், ஒரு சாகசப் புத்தகம், இவ்வளவு போதும்.

சாகசத்துக்கு நான் கைகாட்டுவது 2014-இன் தொடக்கப் பெட்டியில் வந்த ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்’. 64 பக்கம். அதன் முதல் பகுதியும், ஃபாண்டலின் என்ற ஊரும் போதும், மூன்று அமர்வு ஓடிவிடும். பழைய ‘கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்’ மனசில் நிற்பவர்கள் அதையே எடுக்கலாம்; 2025-இல் வந்த புதிய தொடக்கப் பெட்டியும் அந்தக் கோட்டையைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது.

நினைவு காலை வாரும் இடங்கள்

விதிப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படிக்காதீர்கள். மறந்துபோன விதி ஆபத்தில்லை, புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மாறிப்போயும் உங்கள் தலையில் பழையபடியே உட்கார்ந்திருக்கிற விதிதான் ஆபத்து. இரண்டாம் பதிப்பிலிருந்து நேராக ஐந்துக்கு வருகிறவர்களை முன்வைத்துச் சொல்கிறேன்.

அடி விழுமா என்று கணக்கிட நாம் வைத்திருந்த ‘தாக்கோ’ எண் போய்விட்டது. முன்பு ஆர்மர் கிளாஸ் குறையக் குறையப் பலம். கவசமே இல்லாதவனுக்கு 10, பிளேட் மெயில் போட்டவனுக்கு 3. மூன்றாம் பதிப்பிலிருந்து எண் ஏறுமுகம். இருபது முகப் பகடையை உருட்டி, கூட்டவேண்டியதைக் கூட்டி, எதிரியின் எண்ணை எட்டினாலோ தாண்டினாலோ அடி விழுந்தது. பழைய எண்ணை 20-லிருந்து கழித்தால் புது எண் ஏறக்குறைய வந்துவிடும்: பழைய 3, இன்றைய 17.

ஆனால் பழைய மான்ஸ்டர்களை இப்படிக் கணக்குப் போட்டு மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். இரண்டாம் பதிப்பின் ஓகருக்குச் சராசரியாக 19 ஹிட் பாயின்ட். ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகத்து ஓகருக்கு 59. ஆட்டக்காரர்களின் அடியும் அதற்கேற்ப ஏறியிருக்கிறது. பழைய சாகசத்தில் ஓகர் என்று எழுதியிருந்தால் புதிய புத்தகத்தின் ஓகரை அப்படியே எடுத்து நிறுத்துங்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு ஓகர் இருந்த அறையில் இரண்டு போதும்.

எல்லாவற்றையும்விட ஆட்டத்தின் போக்கையே மாற்றியது ஓய்வு. அன்று ஒரு நாள் ஓய்வெடுத்தால் ஒரு ஹிட் பாயின்ட் ஏறும். கிளெரிக் இல்லாத குழு அடிபட்டு ஊருக்குத் திரும்பினால் வாரக்கணக்கில் படுக்கை. அதற்குள் கோப்ளின்கள் வாசலை அடைத்து, பொறி வைத்து, கூலிக்கு ஆள் பிடித்திருக்கும். பழைய சாகசங்கள் அந்தக் கணக்கை நம்பி எழுதப்பட்டவை. இன்று எட்டு மணி நேர ஓய்வில் எல்லாம் திரும்பிவிடும். ராத்திரி சாகக் கிடந்தவன் காலையில் முழுப் பலத்தோடு எழுந்து நிற்பான். ஆகவே காலத்துக்கு நீங்கள்தான் விலை வைக்கவேண்டும். குகைக்குள் ஒரு கைதி இருக்கட்டும். அமாவாசைக்குள் ஒரு காரியம் நடக்கப்போவதாக இருக்கட்டும். தூங்கி எழுந்தால் எதையோ இழக்கிறோம் என்று தெரிந்தால்தான் தூங்கலாமா வேண்டாமா என்று பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு உங்களுக்கு வேண்டும்.

சாவும் மெதுவாகிவிட்டது. பூஜ்யம் தொட்டவன் உடனே சாவதில்லை. தன் முறை வரும்போதெல்லாம் உருட்டவேண்டும். 10 அல்லது அதற்கு மேல் மூன்று முறை விழுந்தால் நிலைப்படுவான், அதற்குக் கீழ் மூன்று முறை விழுந்தால் முடிந்தது. முன்பெல்லாம் திரைக்குப் பின்னால் உருட்டி, ஒருவனைக் காப்பாற்ற எண்ணை மாற்றிச் சொன்ன பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இன்று அதற்குத் தேவையே இல்லை. பகடையை எல்லார் கண்முன்னும் உருட்டுங்கள். திரை உங்கள் குறிப்புகளை மறைக்க இருக்கட்டும்.

முதல் லெவல் மந்திரவாதி ஒரே ஒரு மந்திரத்தைச் சொல்லிவிட்டு மீதி நாளெல்லாம் குறுங்கத்தி எறிந்த காலம் போச்சு. கேன்ட்ரிப் எனப்படும் சிறு மந்திரங்களை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். அதற்குப் பதிலாக வந்திருக்கும் கடிவாளம் ‘கான்சன்ட்ரேஷன்’: நீடித்து நிற்கிற மந்திரங்களில் கான்சன்ட்ரேஷன் கேட்பவற்றை ஒரே சமயத்தில் ஒன்றைத்தான் பிடித்துவைக்க முடியும், அடிபட்டால் அதுவும் நழுவலாம். திரும்பி வருகிற டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டம் நடத்துகிறவர்) எல்லாரும் மறப்பது இதைத்தான். அப்படி ஒரு மந்திரம் போட்டவர் முன்னால் ஒரு ரப்பர் பேண்டை வையுங்கள். அடிபடும்போது அது கண்ணில் படும்.

கடைசியாக, கூட்டல் இரண்டு, கழித்தல் ஒன்று என்று நாம் கொடுத்துக்கொண்டிருந்த சில்லறைகளுக்குப் பதில் ‘அட்வான்டேஜ்’. சூழ்நிலை சாதகமாக இருந்தால் இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடு. பாதகமாக இருந்தால் தாழ்ந்ததை எடு. 11 வேண்டும் என்ற இடத்தில் பாதிக்குப் பாதியாக இருந்த வாய்ப்பு முக்கால் பங்காகிவிடும். ஆட்டக்காரர் நல்ல யோசனை சொன்னால் கணக்குப் போடாமல் இதைக் கொடுத்துவிடலாம். ஐந்தாம் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

மற்றதற்கெல்லாம் சுலபமான வேலைக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கஷ்டத்துக்கு 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். விதி நினைவில்லை என்றால் அந்த இடத்திலேயே ஒரு முடிவு சொல்லுங்கள், ‘இன்னிக்கு இப்படி, அடுத்த தடவை புத்தகத்தப் பாத்துச் சொல்றேன்’ என்று நகருங்கள். ஆட்டத்தின் நடுவில் பக்கம் புரட்டுவதைப் போல மேசையைச் சாகடிப்பது வேறில்லை.

யாரைக் கூப்பிடுவது

நாலு பேர். மூன்று பேர் வந்தாலும் ஆட்டம் நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கல்லூரி நாளில் சனிக்கிழமை ராத்திரி ஆரம்பித்து விடியும்வரை ஆடியிருப்பீர்கள். இன்று மூன்று மணி நேரம் கிடைத்தால் பெரிது. எல்லாருக்கும் ஒத்துவரும் நாள் என்று தேடினால் அது வராது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு பிற்பகல் மூன்று மணி என்று நீங்களே வையுங்கள்.

கூட்டாளிகள் ஆளுக்கொரு நாட்டில் இருந்தால் இணையத்தில் நடத்தலாம். ரோல்20 தளம் 2012 முதல் இருக்கிறது, ஃபவுண்ட்ரி 2020-இல் வந்தது. இரண்டுமே அடம்பிடிக்காத கருவிகள் என்று சொல்லமாட்டேன். முதல் சாகசத்துக்கு ஒரு டிஸ்கார்ட் அழைப்பும், கையால் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பிய வரைபடமும் போதும். நேரம்தான் தலைவலி: டொராண்டோவில் கோடைக்கால நேரப்படி காலை 9 மணி என்றால் சென்னையில் மாலை 6.30, சிங்கப்பூரில் இரவு 9. இந்த மூன்று ஊருக்கும் அந்த நேரம் ஒத்துவரும்.

முதல் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் பேசுவதற்கென்றே ஒதுக்குங்கள். ‘செஷன் ஜீரோ’ என்கிறார்கள். நம் காலத்தில் இது கிடையாது. பாத்திரத்தை உருட்டுவோம், இறங்குவோம். இப்போது கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுவது நல்லது: சிரிப்பா சீரியஸா, சண்டையா பேச்சா, பாத்திரம் செத்தால் பரவாயில்லையா, கதையில் எது வரவே கூடாது. இந்தக் கடைசிக் கேள்விக்கு ரான் எட்வர்ட்ஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் இரண்டு பிரிவு சொன்னார்: வரவே கூடாதவை ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கம், வரலாம் ஆனால் விவரிக்கவேண்டாம் என்பவை ஒரு திரைக்குப் பின்னால். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய ‘எக்ஸ் கார்டு’ இன்னும் எளிது. மேசை நடுவில் ஓர் அட்டை இருக்கும். யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியை விளக்கம் கேட்காமல் தாண்டிவிடவேண்டும்.

என் வயதுக்காரர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பதினெட்டு வயதில் ஆடியவர்கள் அன்று பெரிதாக எதையும் இழந்திருக்கவில்லை. இன்று மேசையைச் சுற்றி இருப்பவர்களில் ஒருவர் அப்பாவை ஐசியுவில் பார்த்துவிட்டு வந்திருக்கலாம், ஒருவருக்குக் குழந்தை தங்காமல் போயிருக்கலாம். கடத்தப்பட்ட குழந்தையை வைத்து ஒரு சாகசம் நடத்தும் முன் ஒரு வார்த்தை கேட்பதில் என்ன குறைந்துவிடப்போகிறது?

ஒரு மாலைத் தயாரிப்பு

அந்தக் காலத்தில் தயாரிப்பே ஒரு பொழுதுபோக்கு. இப்போது இரண்டு மணி நேரத்தில் முடிகிற வழி வேண்டும். மைக் ஷியா 2018-இல் எழுதிய ‘ரிட்டர்ன் ஆஃப் த லேஸி டன்ஜன் மாஸ்டர்’ எட்டுப் படிகள் சொல்கிறது. எட்டும் தேவையில்லை, அதில் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, யார் யார் ஆடுகிறார்கள் என்று பாத்திரங்களின் பெயரை எழுதி ஒரு தடவை படிப்பது. அடுத்தது, ஆட்டம் எந்த நொடியில் தொடங்குகிறது என்று முடிவு செய்வது. சத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஒரு மர்ம மனிதர் வருகிறார் என்ற தொடக்கம் இனி வேண்டாம். வழியில், மழையில், ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கும்போதே தொடங்குங்கள்.

மூன்றாவதுதான் விலைமதிப்பில்லாதது: பத்து ரகசியங்கள். ஒவ்வொன்றும் ஒரே வரி. ‘கோப்ளின்களுக்கு ஊருக்குள்ளிருந்து யாரோ தகவல் கொடுக்கிறார்கள்.’ ‘சுரங்கத்தின் பழைய வாசல் கோயில் கிணற்றுக்குள் இருக்கிறது.’ யார் சொல்வார்கள், எங்கே கிடைக்கும் என்று எழுதக்கூடாது. ஆட்டக்காரர்கள் எந்தக் கதவைத் தட்டுகிறார்களோ, அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவர் ஒன்றைச் சொல்லிவிடுவார். மூதாட்டியிடம் கேட்டால் மூதாட்டி, கைதியை மிரட்டினால் கைதி. இதனால் குழு எந்தப் பக்கம் போனாலும் உங்கள் உழைப்பு வீணாகாது. வெளிவராத ரகசியங்கள் அடுத்த அமர்வுக்கு.

இதோடு ஜஸ்டின் அலெக்ஸாண்டரின் மூன்று தடய விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தே ஆகவேண்டிய உண்மை எதுவாக இருந்தாலும் அதற்கு மூன்று தடயமாவது வையுங்கள். ஒன்றைப் பார்க்கமாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவதில் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் பழைய பெட்டியிலிருந்து ஒரே ஒரு நிலவறை வரைபடம் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. அறைகள் உங்களுடையவை, கதை வேறு.

மேசையில்

துரு ஏறியிருப்பது எங்கே என்று முதல் பத்து நிமிடத்தில் தெரியும்: வாயில். நாம் அதிகம் பேசுவோம். வருணனை மூன்று வாக்கியத்தைத் தாண்டக்கூடாது; மூன்றாவது ஒரு கேள்வியில் முடியவேண்டும். ஃபாண்டெல்வர் சாகசத்தின் முதல் காட்சியை எடுத்துக்கொள்வோம் (அதை ஆட்டக்காரராக ஆடப்போகிறவர்கள் அடுத்த உபதலைப்புக்குத் தாவிவிடலாம்).

“ரெண்டு பக்கமும் அடர்த்தியாப் புதர். பாதைக்குக் குறுக்க ரெண்டு குதிரை செத்துக் கெடக்கு, உடம்பெல்லாம் கறுப்பு இறகு வச்ச அம்பு. என்ன பண்றீங்க?”

நிறுத்துங்கள். மௌனம் வரும். அதை நிரப்பாதீர்கள். உங்கள் நண்பரின் மகள், பதினாறு வயது, முதல் முறை ஆடுகிறவள், தயங்கித் தயங்கிக் கேட்பாள்: “அங்கிள், அந்தக் குதிரை யாரோடதுன்னு தெரிஞ்சுக்க முடியுமா?”

“உருட்டு” என்று நாக்கு நுனி வரை வரும். சொல்லாதீர்கள். பக்கத்தில் போய்ப் பார்க்கிறாள், பார்த்தால் தெரியக்கூடிய விஷயம், கொடுத்துவிடுங்கள். “தெரியுதும்மா. உங்களுக்கு முன்னாடி கெளம்பிப் போனாரே கண்ட்ரன், ஒண்ணு அவர் குதிரைதான். சேணப்பையை யாரோ காலி பண்ணிட்டாங்க. பக்கத்துல தோல்ல செஞ்ச ஒரு வரைபட உறை கெடக்கு, உள்ள ஒண்ணும் இல்ல.”

இப்போது உங்கள் பழைய கூட்டாளி: “மச்சான், நான் அந்தப் புதருக்குள்ள ஒரு கல்ல விட்டெறியறேன்.”

புத்தகத்தில் கல்லெறிவது பற்றி ஒரு வரியும் இல்லை. அங்கே நாலு கோப்ளின் பதுங்கியிருப்பது மட்டும் உங்களுக்குத் தெரியும். “எறி. கல்லு விழுந்த எடத்துல வீல்னு ஒரு சத்தம். அதுக்கப்புறம் யாரோ யாரையோ ‘ஷ்ஷ்’ங்கறாங்க.” மேசை சிரிக்கும், அடுத்த நொடி எல்லாரும் பகடையைத் தேடுவார்கள். பதுங்கியிருந்தவர்களின் திடீர்த் தாக்குதல் வீணாய்ப் போயிற்று, போகட்டும். யோசனைக்குக் கூலி கொடுத்தால்தான் அடுத்த யோசனை வரும்.

சண்டை தொடங்கியதும் வேகம் முக்கியம். கோப்ளின்கள் அனைத்துக்கும் ஒரே இனிஷியேட்டிவ். அடிக்கு உருட்டாமல் புத்தகத்தில் போட்டிருக்கும் சராசரியான 5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். “இப்ப கிளெரிக், அடுத்து ரோக்” என்று இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். அடுத்தவர் யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கோப்ளின்கள் வசிக்கும் குகையின் தலைவனாகிய கிளார்க் என்ற பக்பேரின் ஓர் அடி சராசரி 11. முதல் லெவல் மந்திரவாதியின் மொத்த உயிர் அதைவிடக் குறைவு. பல புதிய குழுக்கள் அங்கேதான் விழுகின்றன. சாகசம் எழுதியவர்களே வேறு வழியும் வைத்திருக்கிறார்கள்: அவனுடைய கீழாள் யீமிக் பேரத்துக்குத் தயாராக இருக்கிறான், தலைவனை ஒழித்தால் தன்னிடம் இருக்கும் ஒரு கைதியைத் தருவதாகச் சொல்வான். பேச்சுக்கு இடம் இருக்கிறது என்பதை நீங்கள்தான் முன்கூட்டியே காட்டவேண்டும். இல்லாவிட்டால் ஆட்டக்காரர்களுக்கு வாளை உருவுவதைத் தவிர வேறு வழியே தெரியாது.

தமிழில் ஆட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, அதை யாரும் சரியாகப் பயன்படுத்துவதில்லை. குரலை மாற்றி நடிக்கத் தேவையில்லை. பேச்சை மாற்றினால் போதும். ஊர்த் தலைவர் “நீங்க” என்பார், குடிகாரக் காவலாளி “இன்னா” என்பான், ஆயிரம் வருடம் தூங்கி எழுந்த டிராகன் மேடைத் தமிழில் “யாரடா நீ” என்று கேட்கும். பேரம் பேசுகிற கோப்ளின் “நீ” என்பதிலிருந்து “நீங்க” என்பதற்கு மாறினால், பயந்துவிட்டான் என்று நீங்கள் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. விதிச் சொற்களை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுங்கள். ‘சேவிங் த்ரோ’வுக்குத் தமிழ் தேடி அரை மணி நேரம் போக்காதீர்கள்.

பழையதில் கொண்டுவரவேண்டியவை

புதிய விதிகளைப் புகழ்ந்தேன். ஆனால் எண்பதுகளின் எளிய பதிப்பில் இருந்த இரண்டு உருட்டல்களை எந்தப் பதிப்பில் ஆடினாலும் சேர்த்துக்கொள்வேன்.

ஒன்று ரியாக்‌ஷன். எதிர்ப்படும் கூட்டம் என்ன நினைக்கிறது என்று உங்களுக்கே தெரியாதபோது இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டுங்கள். 2 விழுந்தால் உடனே பாயும். 3 முதல் 5 வரை முறைப்பு, பாயலாம். 6 முதல் 8 வரை குழப்பம். 9 முதல் 11 வரை சண்டை வேண்டாம் என்கிற மனநிலை. 12 என்றால் நட்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 36-இல் ஒரு தடவைதான் கேள்வியே இல்லாமல் பாயும், 16 தடவை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். நிலவறையில் இருக்கிற எல்லாமே ஆட்டக்காரர்களைக் கொல்லக் காத்திருக்கிறது என்ற எண்ணம் நாம் பின்னால் வளர்த்துக்கொண்டது.

இன்னொன்று மோரல். கூட்டத்தில் முதல் ஆள் விழும்போதும், பாதிப்பேர் விழுந்தபோதும் அதே இரண்டு பகடை. கோப்ளினின் எண் 7. அதைத் தாண்டி விழுந்தால் ஓடும் அல்லது சரணடையும். சண்டை பாதி நேரத்தில் முடியும். அத்தோடு உங்களுக்கு ஒரு கைதி கிடைப்பான். எழுதிவைத்த பத்து ரகசியத்தில் இரண்டை அவன் வாய்வழியே சொல்லிவிடலாம்.

தங்கத்துக்கு அனுபவப் புள்ளி கொடுத்த வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஷேடோடார்க் போன்ற ஆட்டங்களில் கொண்டுவந்திருக்கிறார்கள், அங்கே பொருந்துகிறது. ஐந்தாம் பதிப்பில் வேண்டாம். முக்கியமான கட்டம் தாண்டியதும் லெவல் ஏற்றிவிடுவது போதும்.

முடிந்த பிறகு

மூன்று மணி நேரம் முடிவதற்குப் பத்து நிமிடம் முன்னால் நிறுத்துங்கள், காட்சி பாதியில் இருந்தாலும் சரி. எல்லாரிடமும் இரண்டே கேள்வி: எது பிடித்தது, அடுத்து எங்கே போகப்போகிறீர்கள். இரண்டாவதற்கு வரும் பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த அமர்வின் தயாரிப்பில் பாதி அதிலேயே முடிந்துவிடும். பெயர்களையும் எழுதுங்கள், அவசரத்தில் நீங்கள் வைத்த சத்திரக்காரன் பெயர் உங்களுக்கு மறந்துவிடும், அவர்களுக்கு மறக்காது.

முதல் அமர்வு சுமாராகத்தான் இருக்கும். விதியில் தடுமாறுவீர்கள், ஒரு காட்சி இழுக்கும், யாரோ ஒருவர் போனைப் பார்ப்பார். இரண்டாவதில் கை பழகும். மூன்றாவது முடிந்ததும் ஆட்டக்காரர்களே அடுத்து என்ன என்று கேட்டால் பெரிய கேம்பெயின் பற்றி யோசியுங்கள். கேட்காவிட்டால் வேறு சாகசம், வேறு ஆட்கள், அவ்வளவுதான். ஒரு மேசை ஒத்துவராததற்கு யாரையும் நொந்துகொள்ளாதீர்கள்.

பதிப்பை ஒப்பிட்டுக்கொண்டும் புத்தகம் வாங்கிக் குவித்துக்கொண்டும் இருப்பவர்கள் பலர் ஆட்டத்துக்குத் திரும்பி வருவதேயில்லை. தேதி குறித்தவர்கள்தான் வருகிறார்கள். ஆகவே அடுத்த அத்தியாயத்தைப் புரட்டுவதற்கு முன் நாலு பேருக்குச் செய்தி அனுப்புங்கள்: இந்த நாள், இத்தனை மணி, என் வீட்டில், மூன்று பேர் வந்தாலும் ஆட்டம் உண்டு.